மடித்தால் ஃபோன்

ஓக்லஹோமா வெயில் செம்மண் மேட்டில் காய்கிறது. துப்பாக்கி சுடும் திடலில் சுடுவதை நிறுத்தச் சொல்லி விசில் அடித்தாயிற்று. எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறோம். நான் வேடிக்கைக்காக வாங்கிய புதுக் கைத்துப்பாக்கி மேசைமேல் மடித்துக் கிடக்கிறது. மடித்தால் அச்சு அசல் செல்ஃபோன். "டேய், அதுல உன் பொண்டாட்டிக்கு ஒரு கால் போடுடா!" என்று நண்பன் லைல் கத்த, எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் வெறுங்கையைக் காதில் வைத்து, "ஹலோ, செல்லம்" என்கிறேன். மறுபடி சிரிப்பு. இங்கே மேற்பார்வை பார்க்கும் ஹார்லன் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் போலீசாக இருந்தவர். தொப்பியைக் கழற்றி, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே மேசையைப் பார்க்கிறார். "என்ன ஹார்லன், பிடிக்கலையா?" என்கிறேன். "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்கிறார் மெதுவாக. "போலீஸ்ல இருந்தப்ப ஒரு நாள் ஒரு பையன் கையில இருந்தது நிஜ ஃபோன்பா. நான்தான் துப்பாக்கின்னு நெனச்சு சுட்டுட்டேன்." தரையில் காலித் தோட்டா உறைகள் மின்னுகின்றன. ஹலோ சொன்ன கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் சட்டைப்பையில் ஃபோன் அடிக்கிறது. அவர் எதிரில் அதை எடுக்கக் கை வரவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறது.