நூற்றில் ஒருத்தி

"வாழ்த்துகள்" என்ற சொல்லைப் போனில் அவன் மூன்றாவது முறை சொன்னபோது அம்சவள்ளி குழம்பை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நின்றுகொண்டே கேட்கிற செய்தியா இது?

மலேசியா முழுவதும் தேடி, வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களில் நூறு பேரைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்களாம். அந்த நூற்றில் பீடோங் அம்சவள்ளியும் ஒருத்தி. வாடிக்கையாளர்களே ஓட்டுப் போட்டார்களாம். புத்தகம் வரப்போகிறது. கெட்டி அட்டை, தங்க விளிம்பு. அதில் அவளுக்கு ஒரு முழுப் பக்கம், கலர் படத்தோடு.

பேசியவனின் குரல் வெல்லப்பாகு மாதிரி இருந்தது. பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்கிற ஒரு 'லா' இல்லை, ஒரு மலாய்ச் சொல் இல்லை. சீரியலில் வரும் நல்ல பிள்ளைகள் பேசுகிற தமிழ். கோலாலம்பூரில் பெரிய ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே தூறல் விழத் தொடங்கியது. கொடியில் துணி கிடந்தது. நனையட்டும்.

மனசால் அவள் அப்போது பீடோங்கிலேயே இல்லை. ஜித்ராவில், நாத்தனார் பிரேமாவதி வீட்டு வரவேற்பறையில் இருந்தாள். புத்தகத்தைச் சோபாவில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு மாவு பிசையப் போகிறாளாம் என்று குடும்பத்துக்கே சொல்லிச் சிரித்தவள் பிரேமாவதி. அவளே பக்கத்தைப் புரட்டட்டும். அவளே படத்தைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும்.

பதினெட்டு வருடம் அம்சவள்ளி கையுறைகளைப் பெட்டியில் அடுக்கினாள். நன்றாக அடுக்கினாய் என்று ஒருவரும் சொன்னதில்லை.

பக்கத்துக்கு ஐந்நூற்றுத் தொண்ணூறு வெள்ளி என்றான் அவன். மற்றவர்களுக்கு இரண்டு மடங்காம். இதுதான் கடைசிப் பக்கம், கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைக்க முடியாதாம்.

அவளிடம் அறுநூறு வெள்ளி இருந்தது. சுங்கைப்பட்டாணியில் பார்த்து வைத்திருக்கும், பலகாரம் அவிக்கிற மூன்றடுக்கு ஸ்டீமருக்கான காசு. அது போனால் ஸ்டீமர் இல்லை. ஸ்டீமர் இல்லையென்றால் தொழில் இல்லை. மறுபடியும் விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ். இதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வங்கிச் செயலியைத் திறந்தாள். கடவுச்சொல்லை அடித்தாள். அவன் சொன்ன கணக்கு எண்ணையும் அடித்தாள்.

இனி ஒரே ஒரு தட்டுதான்.

அதற்கு முன் ஓர் ஆசை. ஓட்டுப் போட்டவர்கள் தன்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"உங்க குரலைத்தான் அக்கா சொன்னாங்க. நீங்க பாடினா அப்படியே உருகிடறாங்களாம். குயில் அம்சவள்ளின்னு சும்மாவா பேர் வச்சிருக்கீங்க?"

விரல் அந்தரத்தில் நின்றது.

கோயில் பஜனையில் அவளைக் கைதட்டச் சொல்வார்களே தவிர, பாடச் சொன்னதே கிடையாது.

மலாயில் பலகாரத்துக்குக் 'குவே' என்று பெயர். கோயிலுக்குக் 'குயில்'. ஆங்கில எழுத்தில் எழுதினால் kuih, kuil; கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. வியாபாரத்தைப் போனிலேயே பதிந்தபோது அவள் 'குவே அம்சவள்ளி' என்றுதான் தட்டினாள். கோயில் வாட்ஸ்அப் குழுவில் நாள் தவறாமல் 'குயில்' பார்த்துப் பழகிய போன், தானாகவே அதைத் திருத்திவிட்டது. பதிவுப் பத்திரம் வந்த பிறகுதான் கவனித்தாள். தன் பெயரில் ஒரு கோயிலே எழும்பியிருந்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்தாள்.

கோயில் என்று நினைத்துப் பேசியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பாள். இந்தப் புண்ணியவானுக்கு மலாயே தெரியவில்லை. எங்கேயோ பட்டியலில் பெயரைப் பார்த்து, பறவை என்று வாசித்து, அவளைப் பாட வைத்துவிட்டான்.

ஓட்டும் இல்லை, நூறு பேரும் இல்லை. பிரேமாவதி வீட்டுச் சோபாவிலிருந்து புத்தகம் மெல்லக் காணாமல் போனது. காசு தப்பித்ததற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை.

"தம்பி, நான் கொழுக்கட்டை செய்றவ லா."

எச்சில் விழுங்குகிற நேரம்தான் அவன் யோசித்தான். கொழுக்கட்டையையும்தான் சொன்னார்களாம். அதைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஓட்டே போட்டார்களாம்.

அம்சவள்ளி வங்கிச் செயலியை மூடினாள்.

அவள் இன்னும் ஒரு கொழுக்கட்டைகூட விற்றதில்லை. வியாபாரத்தைப் பதிந்து பதினோரு நாள்தான் ஆகிறது. முதல் ஆர்டரே வரும் வெள்ளிக்கிழமைதான். இவள் கைப் பலகாரத்தைக் காசு கொடுத்து வாங்கித் தின்றவர்கள் பூமியிலேயே கிடையாது. அவன் முதல் வாழ்த்துச் சொன்னபோதே அது அவளுக்குத் தெரியும். இருபது நிமிடமாக அவள்தான் அதை நினைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

போனை வைத்திருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். போலீசுக்குப் போவேன் என்று மிரட்டியிருக்கலாம்.

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, இனிப்பு அளவாக இருந்ததாமா என்று கேட்டாள்.

காசு வரப்போகிற உற்சாகத்தில் அவன் சொல்லத் தொடங்கினான். இனிப்பு, மேல்மாவின் மிருது, தேங்காயின் மணம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான்.

மேல்மாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள் அம்சவள்ளி.