முகத்துவாரப் பாடு

பானைக்குள் கைவிடும்போதே காய் ராஜவேலுவின் உள்ளங்கையில் இருந்தது.

சுண்டு விரலுக்குக் கீழே, வெளியே துளியும் தெரியாமல் ஒட்டிக்கிடந்தது. பூவரசங்கட்டையில் செதுக்கி, வீட்டு அடையாளமாக இரண்டு கோடு கீறிய காய். லோகேஷின் காய்.

கோயில் வாசலில் ஊர் ஆண்கள் மொத்தமும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு காய். பானையிலிருந்து எந்தக் காய் முதலில் வருகிறதோ அந்த வீட்டுக்கு இந்த வருஷம் முகத்துவாரப் பாடு. பழவேற்காடு ஏரியும் கடலும் சேருகிற அந்த இடத்தில் வலை கட்டும் உரிமை கிடைத்துவிட்டால் இறால் தானாக வந்து விழும். மற்றவர்கள் மிச்ச இடங்களைப் பங்கு போட்டுக்கொண்டு முணுமுணுக்க வேண்டியதுதான்.

அது லோகேஷுக்கு வர வேண்டும். மகன் தனியாக வலை கட்டப் பழகிய அன்றே தன் காயை அவன் கையில் கொடுத்துவிட்டு ஏரியை விட்டு ஒதுங்கியவர் ராஜவேலு. இன்றைக்கு அவன் பெயரை ஊர் முன்னால் கூப்பிட்டே தீருவது என்று வந்திருந்தார்.

இந்த வித்தை அவருக்குப் புதிதல்ல. வாலிபத்தில் பொன்னேரிக் கொட்டகையில் ஒரு சீட்டாட்டப் படம் ஓடியது. கோட்டு போட்ட ஏமாற்றுக்காரன் ஒருவன், மேசையைச் சுற்றியிருக்கும் பணக்காரர்களை மொட்டையடிப்பான். கொட்டகையே சண்டைக்கும் பாட்டுக்கும் விசிலடிக்க, ராஜவேலு திரும்பத் திரும்பப் போய் அவன் விரல்களை மட்டும் பார்த்தார். பிறகு கும்மிடிப்பூண்டி ரயிலில் துண்டை விரித்து மூன்று சீட்டு வைத்தார். ராணி எங்கே என்று காட்டுகிறவனுக்குக் காசு. ராணி ஒரு நாளும் யாருக்கும் அகப்படவில்லை.

லோகேஷ் தலையெடுத்த பிறகு அதெல்லாம் நின்றுபோனது. ஆனாலும் அப்பனும் பிள்ளையும் கரையில் கிடக்கும் படகில் சாய்ந்துகொண்டு செல்போனில் பார்ப்பதெல்லாம் அதே மாதிரிப் படங்கள்தான். போக்கர் மேசை, திருட்டுக் கும்பல், கடைசியில் எல்லாரையும் ஏய்த்துவிட்டு ஒருத்தன் நடந்து போவான். நடிகனின் கைக்குப் பதிலாக எங்கே வேறு ஆளின் கையைக் காட்டுகிறார்கள் என்று ராஜவேலு கண்டுபிடித்துச் சொல்வார். நைனாவோடு ஒரு படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லையே என்று லோகேஷ் தலையில் அடித்துக்கொள்வான்.

பானைக்குள் மற்ற காய்கள் விரலில் இடறின. பேருக்கு ஒரு சுற்றுத் துழாவினார். இருமினார். இருமினால் பார்க்கிறவன் கண் முகத்துக்குப் போகும், கையை விட்டுவிடும்.

கை வெளியே வந்தது. காய் விரல் நுனியில் நின்றது. வேலை சுத்தம்.

"மொத காய் லோகேசு!"

பெயர் வந்தவன், இருக்கிறேன் என்ற அர்த்தத்தில், "கீறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். அது ஊர் வழக்கம்.

யாரும் குரல் கொடுக்கவில்லை.

ஊர்த்தலைவர் எல்லப்பன் தரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் தரையைப் பார்த்தார்கள்.

பானையில் கைவிட எல்லாரையும் கூப்பிட மாட்டார்கள். அந்த வருஷம் தண்ணீருக்கு ஆளைக் கொடுத்த வீட்டுக்காரனைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டுக்குப் பாடு கிடையாது, அந்த வீட்டுக் காயும் பானைக்குள் போகாது. தனக்கென்று எதுவும் எதிர்பார்க்காத கை என்பதால் அதை ஊர் நம்பும்.

மழைக்காலத்தில் லோகேஷின் படகு அதே முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. கூடப் போன முத்துராஜ் நீந்திக் கரையேறினான். லோகேஷ் கிடைக்கவே இல்லை. உடம்பைக் கண்ணால் பார்க்காமல் அது எப்படிச் சாவாகும் என்று ராஜவேலு ஊரோடு மல்லுக்கு நின்றார். கருமாதி செய்யவிடவில்லை. பெற்றவள் செவ்வந்தியை வாய்விட்டு அழக்கூட விடவில்லை. பானைக்குக் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் வந்தபோது, மனுஷன் ஒருவழியாகத் தேறிவிட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வீட்டுக்கு வீடு ஊர் பார்க்கத்தான் காயைப் போட்டிருந்தார்கள். போடாத காயை எடுத்துக் காட்டிவிட்டோம் என்பது அத்தனை பெரிய கைகாரருக்கு உறைக்கவே இல்லை.

பின்வரிசையில் முத்துராஜ் எழுந்தான்.

"கீறேன் நைனா," என்றான். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

எல்லப்பன் முகத்துவாரம் லோகேஷுக்கு என்று அறிவித்தார். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. போன வருஷம் இதே இடத்துக்காக அடிதடிவரை போனவர்களும் சரி என்று தலையாட்டினார்கள்.

ராஜவேலு அவர்களின் முகங்களைப் பார்த்தார்.

ஏமாறுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ரயில் ரயிலாகப் பார்த்த முகம் அது. வாய் லேசாகத் திறந்திருக்கும், கண்ணில் ஒரு ஆசை தெரியும். இங்கே அப்படி ஒரு முகம்கூட இல்லை. எல்லார் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஊரே சேர்ந்து அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

மகன் வரமாட்டான் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. காயை எல்லப்பன் கையில் வைத்துவிட்டு, பானையில் இருந்த மற்ற காய்களைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார்.

செவ்வந்தி வாசலில் குந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வருவதைப் பார்த்ததும் முந்தானையால் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ராஜவேலு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"அழுதுடு செவ்வந்தி," என்றார்.