பொம்மியின் மகிழ்ச்சிப் பட்டை

மலைவாழ் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியில் எல்லார் மணிக்கட்டிலும் மகிழ்ச்சியை அளக்கும் பட்டை இருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போய்த் திரும்பினாலே பட்டையில் மதிப்பெண் சரிகிறது என்று கண்டுபிடித்த மெத்தப் படித்த மதிப்பீட்டுக் குழு, விடுமுறையையே ஒழித்துக்கட்டியது.

அதனால் மகள் பொம்மியைப் பார்க்க நஞ்சியே மலையிறங்கி வந்தாள். அம்மா மடியில் சாய்ந்திருந்த வரைக்கும் பொம்மியின் பட்டை தொண்ணூறு காட்டியது. பஸ்ஸுக்கு நேரமாகி நஞ்சி எழுந்ததும் பன்னிரண்டுக்கு விழுந்தது.

“பாத்தீங்களாம்மா? நீங்க வந்து போறதாலதான் புள்ள வாடுது. இனிமே வராதீங்க,” என்றார் குழுத் தலைவர்.

நஞ்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்க புள்ள எந்த ஆஸ்டல்ல சார் இருக்கு?”

“அவன் வீட்லதாம்மா. எங்கள விட்டுட்டு ஒரு நாள் இருக்கமாட்டான்,” என்றபடி அவர் தன் கையிலிருந்த திரையில் நஞ்சியின் பெயருக்கு நேரே ‘அனுமதி இல்லை’ என்பதை அழுத்தினார்.