அனுமதியில்லாத இணைப்பு

எங்கள் வீட்டுக்கு மேலே உயரழுத்த மின்கம்பி போகிறது. அக்காவுக்கு ஓயாத தலைவலி என்று மூன்றாவது முறையாகப் புகார் கொடுத்ததும் மின்சார ஆய்வாளர் வந்தார்.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க. அவ்வளவு பயம்னா உங்களுக்குக் கரண்டே வேண்டாம்" என்று வீட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சரிபார்க்க வந்தபோது, அக்கா படுத்திருந்த அறையில் மட்டும் டியூப்லைட் எரிந்தது.

"திருட்டுக் கரண்டா?"

கழற்றினார். கையிலும் எரிந்தது. வாசலுக்குக் கொண்டுபோனால் மங்கியது. அக்காவின் அருகே வந்தால் கண் கூசியது.

"அப்படியே பிடிங்க சார், தலைவலி கொஞ்சம் குறையுது" என்றாள் அக்கா.

ஆய்வாளர் படிவத்தில் எழுதினார்: 'அனுமதியில்லாத இணைப்பு, ஒன்று. உடனே துண்டிக்கப்படுகிறது.'

பிறகு பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார்.

"கழுத்தை இப்படித் திருப்பும்மா."