தராசு பொய் சொல்லாது

"டீனெகே, இன்னும் ஒரே ஒரு பொருள் காணாமப் போச்சுன்னா நகரசபை இந்த இடத்தை இழுத்து மூடிடும். அப்புறம் நான் சந்தையில சீஸ் விக்கத்தான் போகணும்" என்றார் மெயின்டெர்ட்.

சூனியக்காரி அருங்காட்சியகத்தின் இயக்குநர் அவர். அது நானூறு வருடப் பழைய எடைக்கூடம். அந்தக் காலத்தில் ஹாலந்தின் எந்த மூலையிலாவது ஒருத்தியைச் சூனியக்காரி என்று சொல்லிவிட்டால், அவள் இங்கேதான் ஓடி வருவாள். துடைப்பத்தில் பறக்கிறவளுக்கு எடையே இருக்காதாம்! இங்குள்ள பெரிய தராசில் ஏறி, 'உடம்புக்கேற்ற எடை உண்டு' என்று சான்றிதழ் வாங்கிவிட்டால் உயிரோடு எரிக்கப்படாமல் தப்பலாம். இப்போது சுற்றுலாக்காரர்கள் அதே தராசில் ஏறி, சான்றிதழை வாங்கிப் போய் ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கிறார்கள்.

எடை போடுவது டீனெகேயின் வேலை. வெள்ளைக் குல்லாய், நாலு அடுக்குக் கறுப்புப் பாவாடை. பதினெட்டு வருடமாக அதே வேஷம். அதைக் கலைக்காமலே சைக்கிளில் வீட்டுக்குப் போவாள். ஊருக்கே செல்லம்.

ஒரு மாதத்தில் வெள்ளி முத்திரை, மணி, மெழுகுவர்த்தித் தாங்கி என்று மூன்று பொருட்கள் மாயம். கேமரா கேட்டதற்கு நகரசபை கையை விரித்துவிட்டது.

"கேமரா எதுக்கு சார்? அதான் தராசு இருக்கே!" என்றாள் டீனெகே. "உள்ள வரும்போது ஒரு தடவை, வெளிய போகும்போது ஒரு தடவை ஏத்துவோம். எடை கூடியிருந்தா ஆள் மாட்டினான். வேலை செய்யறவங்களும் ஏறணும். நீங்களும்தான் சார்!"

மெயின்டெர்டுக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த அந்தக் காலத்து நீதிபதியின் வெள்ளிக் கோப்பையைக் காணோம். சரியாக ஒரு கிலோ. போலீஸுக்குச் சொன்னால் நகரசபைக்குத் தெரிந்துவிடும். மெயின்டெர்ட் கதவைப் பூட்டினார். எல்லோரும் வரிசையில் நின்றார்கள்.

பதினோரு பேர் தேறிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் பௌவெ, உருளைக்கிழங்கு வியாபாரி. உள்ளே வரும்போது தொண்ணூற்றொன்று.

"இப்ப தொண்ணூத்திரண்டு! ஒரு கிலோ ஜாஸ்தி!" என்று கூவினாள் டீனெகே.

கூட்டம் சட்டென்று இரண்டடி விலகி நின்றது. நானூறு வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான் விலகியிருக்கும்.

"கோட்டைக் கழட்டுய்யா!" என்றார் மெயின்டெர்ட்.

"சட்டையும் கழட்டறேன். அப்படியே விறகை அடுக்கிக் கொளுத்திடுங்களேன்!"

கோட்டு, பூட்ஸ், காலுறை வரை உதறிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"அப்ப அந்த ஒரு கிலோ எங்கேயிருந்து வந்துச்சு?"

"மாடியில உங்க சாப்பாட்டுக் கடையிலதான் சார். பன்றிக்கறி வெச்ச பான்கேக் ரெண்டு, பீர் ரெண்டு. நான் கோப்பையை முழுங்கலை. இந்தாங்க பில்லு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மெயின்டெர்டுக்கு மானம் போனது. மன்னிப்புக் கேட்டு, சான்றிதழை இலவசமாகவே கொடுத்தார்.

மிச்சப்பேரும் ஏறினார்கள். டிக்கெட் கொடுப்பவர், சமையல்காரர், கடைசியில் மெயின்டெர்ட்.

"அரை கிலோ குறைஞ்சிட்டீங்க சார். கவலைதான், வேற என்ன?" என்றாள் டீனெகே.

வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துவிட்டார். எல்லோரும் போனபின் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை நகரசபைக்கு நான் என்ன பதில் சொல்வேன், டீனெகே?"

"மனசைத் தளர விடாதீங்க. இன்னிக்கு ஏறினவங்க யாரும் திருடலை. தராசு பொய் சொல்லாது" என்று அவர் தோளைத் தட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள் டீனெகே.

உண்மைதான், கட்டடத்தில் இருந்த இருபத்து நான்கு பேரில் இருபத்து மூன்று பேர் தராசில் ஏறியிருந்தார்கள், இருபத்து நான்காவது ஆள் நாலு அடுக்குப் பாவாடைக்குள் கோப்பை குலுங்காதபடி மெதுவாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தாள்.