உக்கிரபாண்டியின் இதயம்

விளக்கை அணைத்ததும் சுவரில் உக்கிரபாண்டியின் இதயம் தெரிந்தது.

கடைசி வரிசையில் இருந்த ஒச்சம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய ஆளின் இதயம் ஒரு கைக்குள் அடங்கிவிடும் போல இருந்தது.

மருத்துவக் கல்லூரி மண்டபம் நிறைய டாக்டர்கள். வேலூர், மெட்ராஸ் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். மேடையில், உக்கிரபாண்டிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஆனிமேரி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். ஒச்சம்மாளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பேச்சு தன் வீட்டுக்காரரைப் பற்றித்தான் என்பது மட்டும் தெரியும். அவசியம் வரவேண்டும் என்று டாக்டரம்மாவே பரவையில் அவள் வீட்டுக்கு வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

பக்கத்தில் கொழுந்தன் மலையாண்டி. அண்ணன் செத்ததிலிருந்து இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன். அவள்தான் விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தாள்.

உக்கிரபாண்டி பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து வெங்காய மூட்டையை முதுகில் வாங்கினால் இன்னொருவர் கை கொடுக்க வேண்டியதில்லை. அவர் புஜத்தைத் தட்டிப் பார்க்காத கடைக்காரர் கிடையாது.

தொடையில் ஒரு கட்டி வந்தது. புற்று என்றார்கள்.

அதற்கப்புறம் அந்த உடம்பு கரைந்த கரைச்சலைக் கூட இருந்து பார்த்தவள் ஒச்சம்மாள்தான். நாட்டுக்கோழிச் சாறு, ஆட்டுக்கால், முட்டை, கேப்பைக் களி என்று மாற்றி மாற்றி ஆக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வாய் கசந்தாலும் அவளுக்காகத் தட்டை வழித்துத் தின்றார் மனுஷன். தின்னத் தின்ன இளைத்தார். தோள் போயிற்று. தொடை போயிற்று. கடைசியில் பாதம் வீங்கி, எழுந்து உட்கார்ந்தாலே மூச்சு வாங்கியது.

ஊர் வேறு மாதிரி பேசியது. ஒரு கட்டிக்கு யாராவது இப்படி எலும்பாவார்களா? பொண்டாட்டி ஆக்கிப்போடச் சலித்துக்கொண்டு மனுஷனைக் காயப்போட்டுவிட்டாள். மாமியார் அதை வார்டு வாசலில் நின்றே சொன்னாள்.

அவர் இறந்ததும் டாக்டர்கள் உடம்பைத் திறந்து பார்த்தார்கள்.

அதுதான் பெரிய ரகளையாகிவிட்டது. அறுத்த உடம்பு ஊருக்குள் வரக்கூடாது என்று பங்காளிகள் மறித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தத்தனேரிச் சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோக முடிந்தது. மலையாண்டி டாக்டரம்மா முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினான்.

"எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைய ஏமாத்தில்ல கைநாட்டு வாங்கியிருக்கீக!"

ஆனிமேரி, வாயைத் திறக்கப்போன ஒச்சம்மாளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திறந்து பார்த்ததில் தெரிந்ததை ஒச்சம்மாள் பிற்பாடு ஊரில் சொல்லிப் பார்த்தாள். யாரும் காது கொடுக்கவில்லை.

இப்போது சுவரில் படம் மாறியது. அந்தச் சின்ன இதயத்துக்குப் பக்கத்தில் நோயில்லாத ஒருவருடைய இதயம், நல்ல திடமாக. ஆனிமேரி பேச்சை நிறுத்தி, பின்வரிசையைப் பார்த்தார். தமிழுக்கு மாறினார்.

"பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்காக இதை மட்டும் தமிழ்ல சொல்றேன். இதயமும் தசைதான். புற்றுநோய் இவர் தோளைக் கரைச்ச மாதிரியே இதயத்தையும் கரைச்சிருக்கு. அது தாங்காமத்தான் இறந்திருக்கார். சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லை. யார் எவ்வளவு ஊட்டியிருந்தாலும் இது நின்னிருக்காது. இன்னைக்கு எங்க வார்டுல ஒவ்வொரு புற்றுநோயாளிக்கும் இதயத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம்னா, அதுக்கு இவர்தான் காரணம்."

மலையாண்டி குனிந்துகொண்டான். ஒச்சம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க்கெட்டே பார்க்க மூட்டையோடு நடந்த அந்த நடை அவளுக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்கும் அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு எரிந்தது. கைதட்டல் ஓய்ந்ததும், முன்வரிசையிலிருந்து தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, நேராக ஒச்சம்மாளைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம பக்கத்துல யாரும் இதுக்கு ஒத்துக்கவே மாட்டாங்களேம்மா. டாக்டர் உங்ககிட்ட எப்படிக் கேட்டாங்க?"

"சார், அதை நான் அப்புறம் சொல்றேன்" என்று ஆனிமேரி அவசரமாகக் குறுக்கே வந்தார்.

அதற்குள் ஒச்சம்மாள் எழுந்துவிட்டாள்.

"அவுக கேக்கலைங்கய்யா. வேணாம்மா, ஊரு உன்னைய சும்மா விடாதுன்னுதான் சொன்னாக. நாந்தேன் கேட்டேன். நான் ஆக்கிப் போட்ட அம்புட்டுச் சோறும் எங்க போச்சுன்னு திறந்து பாத்துச் சொல்லுங்கன்னு நாந்தேன் கேட்டேன்."

பேராசிரியர் உட்காரவில்லை. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின.

மலையாண்டி மெல்ல எழுந்து அவள் பக்கத்தில் நின்றான். முன்னால் இருந்தவர்களிடம், யாரும் கேட்காமலே சொன்னான்.

"எங்க மதினிங்க."