குடுவைக்குள் ஏறிய சூடு

"கண்ணு தெரியாம கெமிஸ்ட்ரி எப்படிம்மா படிப்பே?" என்று தயங்கிய பேராசிரியர் கோமளாவிடம் கெஞ்சி, பெனிட்டா ஒருநாள் மட்டும் ஆய்வகத்துக்கு வர அனுமதி வாங்கியிருந்தாள். சுடுநீரில் அளவுக்கு மீறிக் கரைத்த சோடியம் அசிடேட் உப்பு, ஆறிய பிறகும் படியாமல் குடுவையில் தண்ணீர்போலவே நின்றது. அதை அவள் கைகளில் கொடுத்துவிட்டு, கோமளா ஒரு உப்புத் துகளை உள்ளே போட்டார். சில்லென்றிருந்த கண்ணாடி கதகதத்து, சுட்டது. பெனிட்டா குடுவையின் மேல் விரல்களை மேலிருந்து கீழாக நகர்த்தினாள்.

"மேடம், உறையுது! மேலேருந்து இறங்குது... இந்தா, அடிக்கே வந்துடுச்சு!"

உப்பு வெள்ளை வெளேரென்று இறுகுவதை வகுப்பே வாய்பிளந்து பார்த்தது. முப்பது வருஷமாக இதைச் செய்துகாட்டிய கோமளா கண்களை மூடிக்கொண்டார்.

"கொடும்மா, நானும் பார்க்கிறேன்" என்று கையை நீட்டினார்.